புட்டிக்கு இவ்வளவு மகமை

பழனிக்கு நடப்பதற்காக இந்தத் தையில் அண்ணன் மகன் நியூசிலாந்திலிருந்து வந்திருந்தான். குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு கிளம்பும் நகரத்தார் நடைப்பயணத்தில் எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் போவது வழக்கம். அண்ணன் தவறிய பிறகு அது விட்டுப்போயிருந்தது. "இந்த வருஷம் நான் வர்றேன் அயித்தை" என்று புரட்டாசியிலேயே போனில் சொல்லிவிட்டான்.

வந்த அன்று சாயங்காலம் பட்டாலையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். ஆத்தாவுக்கு ஒரு கம்பளி, எனக்கு ஒரு பாட்டில் தேன், அப்புறம் துண்டில் சுருட்டி வைத்திருந்த ஒரு ஒயின் புட்டி. விரதமிருக்க வந்த பிள்ளை ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறானே என்று எனக்குத் திக்கென்றது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடிக்க இல்ல அயித்தை. இது எங்க தோட்டத்துல போடுறது. பின்னாடி ஒட்டியிருக்கிறதப் படிங்க, அதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றான்.

தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சீட்டு. மேலே பென்சிலில் வரைந்ததுபோல் ஒரு பறவை, கீழே பொடி எழுத்தில் மூன்று வரி. விற்கிற ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு பங்கு அந்தப் பறவையைக் காக்கப் போகிறது என்று அதில் இருந்தது. நான் ஆத்தாவுக்குத் தமிழில் சொல்லி, அது ஏன் எதற்கு என்று விளக்க ஆரம்பித்தேன். ஆத்தாவுக்கு 81 வயது. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டது.

"மகமை எடுத்து வைக்கிறாக. அதுதானே?"

அதுதான். எனக்கு அந்தச் சொல் தோன்றவேயில்லை.

மகமை என்ற சொல் இப்போது பலருக்குத் தெரியாது. வியாபாரத்தில் நடக்கிற கொடுக்கல் வாங்கலில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கோ சத்திரத்துக்கோ ஒதுக்கி வைப்பது. செட்டிநாட்டில் மட்டும் இல்லை, விருதுநகர் சிவகாசிப் பக்கம் நாடார்களிடமும் உறவின்முறை மகமை உண்டு, அதில் எழுந்த பள்ளிக்கூடங்கள் இன்றும் நடக்கின்றன. எங்கள் பக்கத்தில் இதை எப்போதும் பழனியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். உப்பு வியாபாரத்துக்குப் பழனி போன நகரத்தார், முருகனையும் வியாபாரத்தில் ஒரு கூட்டாளியாக நினைத்து மகமை எடுத்து வைத்தார்களாம். பின்னால் பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் தாண்டியபோதும் தண்டாயுதபாணி கூடவே போனார். சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் 1859லிருந்து அவர் இருக்கிறார்.

எங்கள் ஐயா ரங்கூனில் பெட்டியடியில், அதாவது காசும் கணக்கும் பார்க்கிற இடத்தில் இருந்தவர். அவருடைய பேரேடு ஒன்று இன்னும் பெட்டகத்தில் கிடக்கிறது. நீளவாக்கில் மடித்துத் தைத்த தாள், மை பழுப்பேறிப்போன எழுத்து. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே சிவமயம், அதற்கும் கீழே முதல் பற்று மகமை. அரிசி, வட்டி, ஆள் சம்பளம், வீட்டுக்கு அனுப்பிய தொகை எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். லாபமா நட்டமா என்று ஐந்தொகை போட்ட பிறகு மிச்சத்தில் கொடுப்பது மகமை இல்லை. லாபம் தெரிவதற்கு முன்னாலேயே கைவிட்டுப் போய்விட வேண்டும். சின்ன வயதில் அந்தப் பேரேட்டைப் புரட்டும்போது எனக்கு இது உறைத்ததில்லை. ஒரு ஒயின் புட்டி வந்து நினைவூட்ட வேண்டியிருந்தது.

அவன் வேலை பார்ப்பது மார்ல்பரோவில். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வடகோடி. அந்த நாட்டுத் திராட்சையில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது, சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்குப் பேர்போன இடம். இவன் இருப்பது சின்னத் தோட்டம். முதலாளியும் அவர் மனைவியும், இவனையும் சேர்த்து ஆறு பேர். மார்ச், ஏப்ரலில் அறுவடை. அதற்கு முந்தின ஒன்றரை மாதம் பெரிய தொல்லை பறவைகள்தான் என்றான். பழம் இனிக்க ஆரம்பித்ததும் ஸ்டார்லிங், கரும்பறவை, பாட்டுத் திரஷ் எல்லாம் கூட்டமாக வந்து இறங்கும். ஸ்டார்லிங் நம் மைனாவுக்குப் பங்காளி. இவையெல்லாம் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கூடவே கொண்டுபோனவை. கொத்திவிட்டுப் போன பழம் அழுகும், பக்கத்துப் பழத்தையும் அழுகடிக்கும். வரிசை வரிசையாக வலை போர்த்துகிறார்கள், வாயுத் துப்பாக்கியில் வெடிச்சத்தம் எழுப்புகிறார்கள், வண்டியில் போய் விரட்டுகிறார்கள்.

அந்தச் சீட்டில் இருந்த பறவை காரேஅரேஅ. மாவோரி மக்கள் வைத்த பெயர். நியூசிலாந்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத வல்லூறு. அரைக்கிலோ அளவுதான் எடை, பறந்துகொண்டிருக்கிற குருவியைக் காற்றிலேயே அடித்துப் பிடிக்கும். அந்த நாட்டு 20 டாலர் நோட்டில் இதன் படம் இருக்கிறது. அவன் ஒரு நோட்டை எடுத்து ஆத்தாவிடம் கொடுத்தான். ஆத்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டு முற்றத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "மூக்கு நம்ம வல்லூறுதான். நெஞ்சுல கோடு கோடா இருக்கு" என்றது.

நோட்டில் அச்சடிக்கிற அளவுக்குக் கொண்டாடுகிற பறவை அருகிப்போனதற்குக் காரணம் அது முட்டையிடும் விதம். பெரும்பாலும் தரையில்தான் இடும். அந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிரத் தரையில் திரிகிற பாலூட்டி எதுவும் ஆதியில் கிடையாது, அதனால் பயமில்லாமல் இருந்தது. மனிதர்கள் கொண்டுவந்த பூனையும், கீரி மாதிரி இருக்கிற ஸ்டோட்டும், முள்ளெலியும் அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன. போதாததற்கு மின்மாற்றியில் உட்கார்ந்து மின்சாரம் தாக்கியும் சாகின்றன.

2005ல் மார்ல்பரோவில் சிலர் மலைப்பகுதியில் இருந்த குஞ்சுகளைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து, செயற்கைக் கூடு வைத்து, தீனி கொடுத்து வளர்த்தார்கள். அந்தத் தோட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012ல் வெளியானது. வல்லூறு இருந்த தோட்டங்களில் பறவைகள் பறித்துத் தின்ற பழம், வல்லூறு இல்லாத தோட்டங்களைவிட 95 சதவீதம் குறைவு. ஒரு ஹெக்டேருக்கு 200 அமெரிக்க டாலருக்கு மேல் மிச்சம் என்று கணக்கும் போட்டிருக்கிறார்கள். வல்லூறு எல்லாப் பறவைகளையும் தின்று தீர்ப்பதில்லை. அது மேலே சுற்றுகிறது என்று தெரிந்தாலே மற்றவை கீழே இறங்கத் தயங்குகின்றன.

இவர்கள் தோட்டத்தில் செயற்கைக் கூடு இல்லை. பக்கத்துக் குன்றிலிருந்து தானாகவே ஒரு ஜோடி வருகிறது. வரப்போரம் ஸ்டோட்டுக்குப் பொறி வைப்பதும், நாள்தோறும் அதைப் போய்ப் பார்ப்பதும் இவன் வேலை. ஒரு நாள் காலை பனியில் பொறியைப் பார்க்கக் குனிந்தபோது தலைக்கு மேலே கெக்கெக்கெக் என்று சத்தம். நிமிர்வதற்குள் பெட்டை வல்லூறு இவன் தொப்பியைத் தட்டிவிட்டுப் போய்விட்டதாம். கூடு பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது என்று புரிந்தது. அப்படியே பின்னால் நடந்து வந்து, அந்த மூலைப் பக்கம் டிராக்டர் போகக் கூடாது என்று சொல்லிவிட்டான். முதலாளி கயிறு கட்டி இரண்டு மாதம் அந்த மூலையில் எட்டு வரிசைக் கொடியைத் தொடாமல் போட்டுவிட்டார். சின்னத் தோட்டத்தில் எட்டு வரிசை என்பது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அண்ணன் எதையாவது பெருமையாகச் சொன்னால் இப்படித்தான் கையைத் தூக்கித் தூக்கிப் பேசும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆத்தா கடைசியில் ஒன்று சொன்னது.

"அப்ப அது காவலுக்கு நிக்குது. நீங்க குடுக்கிறது கூலிப்பா. மகமைங்கிறது நமக்கு ஒண்ணும் செய்யாததுக்கு எடுத்து வைக்கிறது."

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ இரவு தூக்கம் வரவில்லை.

ஆத்தா சொன்னது அவ்வளவு சரி. வன உயிர்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிற இடத்தில் எல்லாம் நாம் பயனைத்தான் சொல்கிறோம். தேனீ இல்லாவிட்டால் காய் காய்க்காது, ஆந்தை இல்லாவிட்டால் எலி பெருகும், தேவாங்கு பூச்சியைத் தின்னும். கேட்பவர்களைச் சம்மதிக்க வைக்க அது நல்ல வழிதான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் வராத உயிர் என்ன ஆகும்? காவலும் காக்காது, பூச்சியும் தின்னாது, சும்மா இருக்கும். அதற்கு யார் எடுத்து வைப்பது?

மறுநாள் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு, அப்படியே திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடிக்கு வண்டியை விடச் சொன்னேன். தை மாதம், பறவைகள் இன்னும் இருக்கிற காலம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கருவேல மரம் ஒவ்வொன்றும் வெள்ளை வெள்ளையாகப் பூத்ததுபோல் இருந்தது. நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வக்கா. பாம்புத்தாரா ஒன்று தண்ணீருக்கு வெளியே கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போனது. எச்சத்தின் வாடை கரைவரை அடித்தது. குஞ்சுகள் தாயின் அலகுக்குள் தலையை விட்டு இரையை இழுத்தபோது கிளை மொத்தமும் ஆடியது.

1977ல் சரணாலயமாக அறிவித்த இடம். மூன்று கண்மாய்கள், மொத்தம் 38 ஹெக்டேர்தான். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணம், திருவிழா எதற்கும் கிடையாது. தலைமுறையாக இப்படித்தான். தீபாவளிக்கு வனத்துறை அதிகாரிகள் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அண்ணன் மகன், "சின்னப் பிள்ளைக கேக்க மாட்டாங்களா?" என்று கேட்டான். "கேக்கும். கூட்டிட்டு வந்து குஞ்சைக் காட்டுவோம். அப்புறம் கேக்காது" என்றார். இந்தப் பறவைகளால் உங்களுக்கு என்ன லாபம் என்று அடுத்துக் கேட்டான். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு நல்லது என்று முதலில் சொன்னார். பிறகு சற்று யோசித்து, "லாபம்னு இல்ல தம்பி. வருது. வந்த ஆளைப் போன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

ஆத்தா வண்டியில் இருந்தபடியே இதைக் கேட்டது. ஒன்றும் பேசவில்லை. திரும்பி வருகிற வழியில் அவனிடம், "உங்க முதலாளி மூலையில ரெண்டு மாசம் வேலை செய்யாமப் போட்டாருன்னியே, அது மகமைதான்" என்றது. அவனுக்கு உயிர் வந்தது.

ஒரு விஷயத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மதுவில் வருகிற காசு எப்படி நல்ல காரியத்துக்கு ஆகும் என்று என் சொந்தக்காரர்கள் சிலரே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் மதுவும் காட்டு விலங்கும் சந்திக்கிற இடம் உடைந்த பாட்டில்தான். நீலகிரியில் குடித்துவிட்டு எறிந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022ல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் அங்கே தொடங்கியது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அது திரும்பக் கிடைக்கும். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் புட்டியை நாங்கள் திறக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது அந்த வழக்கத்தை. எந்தச் சரக்கு விற்றாலும் அந்த வழக்கம் அதில் ஒட்டும்.

அவன் இன்னொன்றும் சொன்னான். இவர்கள் புட்டிக்குத் திருகுமூடி, பழைய முறையில் போடுவது கார்க் தக்கை. உலகத்துக் கார்க்கில் பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை, ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள், மரம் திரும்பப் போர்த்துக்கொள்கிறது. நம் பனை மாதிரி, வெட்டாமலே கொடுத்துக்கொண்டு நிற்கும். தக்கைக்கு விலை இருக்கிறவரை அந்தக் காடு நிற்கும். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அப்படிப்பட்ட காடுகளும் புதர்களும் சேர்ந்த நிலத்தில்தான் ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை வாழ்கிறது. 2002 வாக்கில் அது நூற்றுக்கும் குறைவு. 2023 கணக்கில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த வருஷம், ஆபத்து குறைந்திருக்கிறது என்று அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கினார்கள். அந்தப் பூனை ஒயின்காரருக்கும் தக்கை உரிப்பவருக்கும் ஒரு வேலையும் செய்வதில்லை. வளர்த்து விடுவதற்கும், அதன் இரையான முயலைப் பெருக்குவதற்கும், சாலையில் அடிபடாமல் பார்ப்பதற்கும் இருபது வருஷம் பணமும் ஆளும் போட்டிருக்கிறார்கள். ஆத்தாவின் கணக்குப்படி அது சுத்தமான மகமை.

அவன் பழனிக்கு நடந்து திரும்பி வந்து, கால் வீக்கம் வற்றிய பிறகு, ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருந்தது. அதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் நானும் நாலு பெண்களும் பலகாரம் போட்டு விற்கிறோம். தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு, சீப்புச் சீடை. சீப்புச் சீடைக்குத் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்த மாவை வரி விழுகிற அச்சில் நாடாவாகப் பிழிந்து, துண்டு போட்டு, ஒவ்வொன்றாக விரலில் சுற்றி நுனியை ஒட்ட வேண்டும். ஒட்டு விட்டுப்போனால் எண்ணெயில் பிரிந்துவிடும். ஒரு கிலோவுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அதனால் எங்கள் விலையில் ஒளித்து வைக்கிற அளவுக்கு லாபம் கிடையாது. ஆனாலும் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் எடுத்து வைக்க முடியும் என்று பட்டது.

யாருக்கு என்பதுதான் கேள்வி. எங்களிடமிருந்து கடல் தூரமில்லை. அறந்தாங்கி தாண்டினால் மணமேல்குடி. அங்கே பாக் விரிகுடாவில் கடல்புல் படுகையில் ஆவுளியா மேய்கிறது. கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் போடுவது. நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூன்று வருஷமோ ஏழு வருஷமோ ஆகும். ஒன்று செத்தால் ஈடுகட்ட அவ்வளவு காலம். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதற்கென்று முதல் இடம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் அதைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு காலையில் போனேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பேசினார். "அது மீன் இல்லம்மா. மூச்சு விட மேல வரணும். வலையில மாட்டிட்டா வர முடியாது, தவிச்சிரும். பாத்துட்டா வலைய அறுத்துவிட்டுருவோம்." வனத்துறை இப்படி விடுபவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டி ஊக்கத்தொகை கொடுப்பது உண்டு. ஆனால் அறுத்த வலை அறுத்ததுதான், அன்றைய மீன்பாடும் போயிற்று. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அறுந்து முடிந்த ஓர் இடத்தை எடுத்துக் காட்டினார். பச்சை நைலானில் நீலக் கயிறு போட்டுக் கைப்பிடியளவு தைத்திருந்தது. அதற்குள் என் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன்.

அவரைத் தவிர இன்னும் மூன்று பேரிடம் பேசி, யாராவது வலையை அறுத்து ஆவுளியாவை விட்டால் அந்த வலையைத் தைக்கிற செலவுக்கு எங்கள் பணம் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய தொகை இல்லை என்பதையும் சொன்னேன். எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போனது என்று வருஷத்துக்கு ஒரு தடவை பலகாரப் பெட்டிக்குள் சீட்டில் அச்சடித்துப் போடுவதாக இருக்கிறேன். அந்த ஒயின் சீட்டில் எனக்கு இருந்த ஒரே குறை, பங்கு என்று எழுதியவர்கள் தொகையை எழுதவில்லை. அவனிடம் சொல்லியிருக்கிறேன், முதலாளியிடம் கேட்கிறேன் என்றான்.

தை கடைசி வெள்ளிக்கிழமை புதுக் கணக்கு நோட்டு வாங்கினேன். ஆத்தாதான் எழுதியது. கை நடுங்குகிறது, ஆனாலும் பிள்ளையார் சுழி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. சிவமயம் என்று எழுதி, கோடு போட்டு, என்னைப் பார்த்து, "நேத்து எத்தனை பாக்கெட்டு?" என்றது.

"நாப்பத்திரெண்டு."

அரிசி மாவு, எண்ணெய், கூலி எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக எழுதியது: ஆவுளியா மகமைப் பற்று, 84. அப்புறம் ஐயாவின் கைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, 84 ரூபாயை எண்ணி உள்ளே போட்டது. மாசி மகத்துக்குக் கடலாட மணமேல்குடிப் பக்கம் போகலாமா, அந்த வலைக்காரரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கேட்டது. வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.